கண்ணாடிக்குள் காற்று: நுண்கட்டமைப்பு ஒளியியல் நார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் ஒளியியல் நார் வந்தாலே கேள்விகள் பாடநூலைத் தாண்டிப் போய்விடுகின்றன. வீடுகளுக்கு பைபர் லைன் இழுக்கிற தம்பிமாரும் இப்போது நிறையக் கேட்கிறார்கள். கண்ணாடிக்குள் சாய்வாகப் போகும் ஒளி எல்லையில் பட்டு முழுவதும் உள்ளேயே திரும்பும் முழு உட்தெறிப்போடு பாடநூல் நின்றுவிடுகிறது. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த அழகான வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

நுண்கட்டமைப்பு ஒளியியல் நார் என்றால் என்ன?

குளத்தில் பறித்த தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்திருப்பீர்கள். குறுக்கு முகத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும், அந்தத் துளைகள் தண்டின் நீளம் முழுக்க ஓடும். இந்த நாரும் அப்படித்தான். தலைமயிர் அளவு தடிப்புள்ள ஒரு கண்ணாடி இழை, அதற்குள் அடி முதல் நுனி வரை ஓடும் மிக நுண்ணிய காற்றுத் துளைகள். பல வடிவமைப்புகளில் துளைகளுக்கு இடையிலான தூரம் சில மைக்ரோமீற்றர் மட்டுமே. ஒரு மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

சாதாரண நாரில் ஒளி போகும் உள்ளகமும் அதைச் சுற்றியுள்ள உறையும் இரண்டு வகைக் கண்ணாடி. உள்ளகத்தில் ஜேர்மேனியம் ஒட்சைட்டைச் சிறிதளவு கலந்து அதன் முறிவுச் சுட்டியை, அதாவது ஒளியின் வேகத்தை அது எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற எண்ணை, கொஞ்சம் உயர்த்துவார்கள். அந்த வித்தியாசம் அரை வீதத்துக்கும் குறைவு. நுண்கட்டமைப்பு நாரில் இந்தக் கலப்பு கட்டாயமில்லை. ஒரே தூய சிலிக்காக் கண்ணாடி போதும். துளை எவ்வளவு பெரியது, எவ்வளவு இடைவெளி, எந்த ஒழுங்கு என்பவைதான் ஒளியை ஆளுகின்றன. துளைகள் ஒழுங்கான அணியாக இருந்தால் அதை ஒளிப்படிக நார் என்றும் சொல்வார்கள்.

எங்கள் வீட்டு ரவுட்டருக்கு வருகிற பைபர் இதுதானா?

பொதுவாக இல்லை. வீட்டுக்கு வருவது திண்மமான கண்ணாடி நார். உள்ளகம் 8 அல்லது 9 மைக்ரோமீற்றர், உறையோடு சேர்த்து 125 மைக்ரோமீற்றர், அதற்கு மேல் பிளாஸ்ரிக் பூச்சு.

ஆனால் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. சாதாரண நாரைச் சுவர் மூலையில் இறுக்கி வளைத்தால் ஒளி வெளியே கசியும், வேகம் விழும், சில நேரம் லைனே போய்விடும். இதற்குத் தீர்வு தேடியவர்கள் உள்ளகத்தைச் சுற்றிச் சில காற்றுத் துளைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒளி அந்தத் துளை வளையத்தைத் தாண்டுவது கடினம் என்பதால் நார் 5 மில்லிமீற்றர் ஆரையில் வளைந்தாலும் கசிவு மிகக் குறைவு. ஜப்பானில் துளை துணைசெய்யும் நார்களை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் 2007இல் உறைக்குள் நுண்ணிய வெற்றிடங்கள் கொண்ட ஒரு நாரை அறிமுகப்படுத்தியது.

துளை துளையாக இருந்தால் ஒளி வெளியே வந்துவிடாதா?

எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம் இது. நடு நிரம்பிய வகையை முதலில் எடுப்போம். துளைகளை ஆறுமூலை ஒழுங்கில் அடுக்கி, நடுவில் ஒரேயொரு துளையை மட்டும் விட்டுவிடுகிறோம். அந்த இடம் நிறைந்த கண்ணாடி, அதுதான் உள்ளகம். சுற்றியிருப்பது கண்ணாடியும் காற்றும் கலந்த பகுதி. 1550 நனோமீற்றரில் சிலிக்காவின் முறிவுச் சுட்டி 1.444, காற்றினுடையது 1. ஆகவே கலந்த பகுதியின் பயனுறு சுட்டி, அதாவது இரண்டும் சேர்ந்து ஒளிக்குத் தெரியும் சுட்டி, 1.444ஐவிடக் குறைவு. நடுவில் கூடிய சுட்டி, வெளியே குறைந்த சுட்டி. நீங்கள் படித்த முழு உட்தெறிப்பே இங்கும் வேலை செய்கிறது.

இதுவரை புதிதாக ஒன்றுமில்லை. விசேடம் இனித்தான் வருகிறது. சிங்கிள் மோட் நார் என்றால் ஒளி ஒரே பாங்கில், அதாவது ஒரே அலைக் கோலத்தில் மட்டும் போகும் நார். சாதாரண சிங்கிள் மோட் நாரில் அலைநீளத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஓர் எல்லைக்குக் கீழே ஒளி பல பாங்குகளில் பயணிக்கத் தொடங்கிவிடும். தொலைத்தொடர்பில் பரவலாக உள்ள நாருக்கு அந்த எல்லை 1260 நனோமீற்றர் அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒளிப்படிக நாரில் நடப்பது வேறு. அலைநீளம் குறையக் குறைய ஒளி துளைகளைத் தவிர்த்துக் கண்ணாடிப் பகுதியிலேயே ஒடுங்கிக்கொள்கிறது. அப்போது உறையின் பயனுறு சுட்டி கண்ணாடியின் சுட்டியை நோக்கி உயர்கிறது, உள்ளகத்துக்கும் உறைக்கும் இடையிலான வித்தியாசம் தானாகவே சுருங்குகிறது. மேலதிகப் பாங்குகளுக்கு நிலைத்து நிற்க இடமில்லை. துளைகளுக்கு இடையே உள்ள கண்ணாடி இடுக்குகள் வழியாக அவை வெளியேறிவிடுகின்றன. துளையின் விட்டத்தை இரு துளை மையங்களுக்கு இடையிலான தூரத்தால் வகுத்தால் வரும் விகிதம் ஏறத்தாழ 0.4க்குக் கீழே இருந்தால், எந்த அலைநீளத்திலும் அந்த நார் சிங்கிள் மோட்தான். 1997இல் இது வெளிவந்தபோது இத்துறையில் இருந்தவர்களே வியந்தார்கள். இன்று சமன்பாட்டோடு பார்க்கும்போதும் எனக்கு அந்த வியப்பு குறையவில்லை.

சேர், நடுவிலேயே காற்று என்றால் முழு உட்தெறிப்பு எப்படி நடக்கும்? அவதிக் கோணமே வராதே?

சரியான கேள்வி. வராதுதான். குறைந்த சுட்டியிலிருந்து கூடிய சுட்டிக்குப் போகும் ஒளிக்கு அவதிக் கோணம், அதாவது முழு உட்தெறிப்பு தொடங்கும் கோணம், கிடையாது. வெற்று உள்ளக நாரில் ஒளியைப் பிடித்து வைப்பது தலையீடு, அதாவது அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்படுவதும் அழிவதும்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவதில் உறையில் உள்ள துளைகளை அலைநீளத்துக்கு ஏற்ற ஒழுங்கில் நெருக்கமாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு எல்லையிலிருந்தும் சிதறும் ஒளி ஒன்றோடொன்று தலையிட்டு, குறிப்பிட்ட ஓர் அலைநீள வீச்சுக்கு உறைக்குள் நுழையவே வழியில்லாமல் போகிறது. இதை ஒளியியல் பட்டை இடைவெளி என்பார்கள். திண்மப் பௌதிகவியலில் குறைகடத்திக்குள் இலத்திரனுக்குத் தடைப்பட்ட சத்தி வீச்சு இருக்கிறதல்லவா, அதே கணிதம் இங்கே ஒளிக்கு. சில வண்ணத்துப்பூச்சிகளின் இறகு நிறமியில்லாமலே நீலமாக மின்னுவதும் இவ்வகைத் தலையீட்டால்தான்.

இரண்டாவது வழி வெளிப்பார்வைக்கு இன்னும் எளிமையானது. பெரிய வெற்றிடத்தைச் சுற்றி ஐந்தாறு மெல்லிய கண்ணாடிக் குழாய்கள், அவற்றின் சுவர் ஒரு மைக்ரோமீற்றரையும்விட மெல்லியதாகக்கூட இருக்கும். சுவரின் இரு பக்கங்களிலும் தெறிக்கும் அலைகள், சில அலைநீளங்களில் ஒளி சுவரைக் கடந்து வெளியே போகும்படி சேர்கின்றன. மற்ற அலைநீளங்களில் உள்ளே திரும்பும்படி சேர்கின்றன. சவர்க்காரக் குமிழியில் நிறங்கள் தெரிவதற்கும் இதே மென்படலத் தலையீடுதான் காரணம். தேவையான அலைநீளம் உள்ளே திரும்பும்படி சுவர்த் தடிப்பைத் தெரிவுசெய்தால் போதும். குழாய்க்குள் இன்னொரு சிறு குழாயை வைத்தால் கசிவு மேலும் குறையும். இப்போது சாதனை படைக்கும் நார்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகை.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

ஒளியியல் நார்த் தொலைத்தொடர்புக்கு அடித்தளம் போட்டது 1966இல் சார்ள்ஸ் காவோ, ஜோர்ஜ் ஹொக்கம் எழுதிய கட்டுரை. அதற்கான நோபல் பரிசு காவோவுக்கு 2009இல் கிடைத்தது. கண்ணாடியும் காற்றும் மட்டும் வைத்து நார் செய்யலாம் என்பதை பெல் ஆய்வுகூடத்தில் கைசர் என்பவர் 1970களின் முற்பகுதியிலேயே காட்டினார். அந்த நேரத்தில் இரு வகைக் கண்ணாடி முறை வேகமாக முன்னேறியதால் அது கைவிடப்பட்டது. 1991இல் பிலிப் ரசல் துளைகள் நிறைந்த நாரில் ஒளியை அடைக்கும் எண்ணத்தை முன்வைத்தார். 1996இல் ஜொனதன் நைற், டிம் பேர்க்ஸ், ரசல், அட்கின் ஆகியோர் பிரித்தானியாவில் முதல் ஒளிப்படிக நாரைச் செய்து காட்டினார்கள். வெற்று உள்ளகத்தில் ஒளியைக் கொண்டுபோன முதல் ஒளிப்படிக நார் 1999இல் பாத் பல்கலைக்கழகத்தில் வந்தது.

இவ்வளவு சிறிய துளைகளை எப்படித் துளைக்கிறார்கள்?

கண்ணாடியில் துளைப்பதே இல்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிக்காக் குழாய்களைக் கையால் ஆறுமூலை அடுக்காக அடுக்குகிறார்கள். நடுவில் உள்ளகத்துக்காக ஒரு திண்மக் கோலை வைப்பார்கள். வெற்று உள்ளகம் வேண்டுமென்றால் நடுவில் சில குழாய்களை எடுத்துவிடுவார்கள். முழு அடுக்கையும் பெரிய குழாய்க்குள் நுழைத்து, 1900 முதல் 2000 பாகை செல்சியஸ் அளவில் உலையில் இளக்கிக் கீழே இழுக்கிறார்கள். முதலில் சில மில்லிமீற்றர்க் கோல், பிறகு அதையே மறுபடி இழுத்து 125 மைக்ரோமீற்றர் நார். குறுக்கு முகத்தின் கோலம் அப்படியே சுருங்கி வருகிறது.

இழுக்கும்போது மேற்பரப்பு இழுவிசை துளைகளை மூடப் பார்க்கும். அதனால் துளைகளுக்குள் வாயு அழுத்தத்தை மிகக் கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டும். இத்தொழிலின் உண்மையான கைத்திறன் அங்கேதான். பிளாஸ்ரிக்கில் என்றால் துளைக்கவும் முடியும். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2001இல் அக்ரிலிக் கட்டையில் துளையிட்டு இழுத்த நாரை வெளியிட்டார்கள். அக்ரிலிக் 200 பாகை அளவிலேயே இழுபடும்.

நார் என்பது ஒளியைக் கொண்டுபோகிற கம்பிதானே? அதைச் சாதனம் என்று ஏன் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன். சாதாரண நாரில் ஒளி கண்ணாடிக்குள் மூடப்பட்டிருக்கிறது, வெளியிலிருந்து அதைத் தொட வழியில்லை. துளைகள் வந்ததும் ஒளி போகிற பாதைக்குப் பக்கத்திலேயே நாம் விரும்பியதை ஊற்றி வைக்க இடம் கிடைத்துவிட்டது.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். நாரின் உள்ளகத்தில் புறஊதாக் கதிரால் ஓர் ஒழுங்கான சுட்டி மாற்றத்தை எழுதலாம். அரை மைக்ரோமீற்றரைச் சற்றே தாண்டிய இடைவெளியில் எழுதினால் அது 1550 நனோமீற்றர் அளவில் ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றவை கடந்து போகும். இதுதான் பிராக் கீற்றணி. இடைவெளியை நூற்றுக்கணக்கான மைக்ரோமீற்றராக்கினால் அது உள்ளகத்து ஒளியை உறைக்குள் தள்ளும், அந்த அலைநீளம் மட்டும் இழக்கப்படும். அது நீள் இடைவெளிக் கீற்றணி. இரண்டும் வடிகட்டிகள். எழுதியபின் அவற்றின் அலைநீளத்தை அதிகம் நகர்த்த முடியாது என்பதுதான் குறை, ஏனென்றால் சிலிக்காவின் சுட்டி வெப்பத்தோடு மிக மெதுவாகவே மாறுகிறது.

2000ஆம் ஆண்டை ஒட்டி பெல் ஆய்வுகூட ஆய்வாளர்கள் இதற்கு நல்ல வழி கண்டார்கள். உள்ளகத்தைச் சுற்றி ஆறு பெரிய துளைகள் கொண்ட நாரை எடுத்து, துளைகளுக்குள் ஒரு பல்பகுதியத் திரவத்தை ஏற்றி இறுக வைத்தார்கள். பல்பகுதியத்தின் சுட்டி வெப்பத்தோடு குறைகிறது, அதுவும் சிலிக்காவைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில். நாரின் வெளிப்புறத்தில் மெல்லிய உலோகப் பூச்சு, அதில் மின்னோட்டம் விட்டால் அது சூடாக்கி. இப்போது வடிகட்டியின் அலைநீளத்தை மின்னோட்டத்தால் பல பத்து நனோமீற்றர் நகர்த்தலாம். அசையும் பாகம் ஒன்றும் இல்லை. ஒளி நாரைவிட்டு வெளியே வரவும் இல்லை, ஆகவே வில்லையும் ஆடியும் வைத்து மறுபடி நேர்ப்படுத்தும் தொல்லையும் இல்லை.

இன்னொரு வகையில் துளைக்குள் ஒரு துளி திரவத்தையும் காற்றையும் அடைத்து, சூடாக்கியால் காற்றை விரிவடையச் செய்து, துளியைக் கீற்றணியின் மேல் தள்ளியும் விலக்கியும் வடிகட்டியைப் போட்டு நிறுத்தினார்கள். டென்மார்க்கில் 2003இல் துளைகளைத் திரவப் பளிங்கால் நிரப்பி, வெப்பத்தால் இயங்கும் ஒளி ஆளி செய்தார்கள்.

வெளிப்புறத்தில் பெரிய காற்று வளையம் வைத்தால் அகன்ற கோணத்தில் வரும் ஒளியையும் பிடிக்கலாம் என்பதால், அதிக வலுவுள்ள நார் லேசர்களிலும் இது பயன்படுகிறது.

வெள்ளை நிற லேசர் இதால் வருவதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். சிறிய உள்ளகமும் பெரிய துளைகளும் இருந்தால் ஒளி மிக ஒடுங்கி, அதன் செறிவு மிக உயரும். அதோடு நிறப்பிரிக்கை (நிறத்துக்கு நிறம் வேகம் மாறுவதால் துடிப்பு பரவிப்போவது) பூச்சியமாகும் அலைநீளத்தையும் துளைகளால் நகர்த்தலாம். சாதாரண சிலிக்காவில் அது 1300 நனோமீற்றரை ஒட்டி இருக்கிறது. அதை 800 நனோமீற்றருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் ரைற்றேனியம் சபையர் லேசரின் துடிப்புகள் சிதறாமல் நெடுந்தூரம் ஒன்றாகப் போய்க் கண்ணாடியோடு வினைபுரிந்து புதிய நிறங்களை உண்டாக்கும். 2000இல் ரன்கா, வின்டலர், ஸ்ரென்ற்ஸ் ஆகிய மூவரும் வெறும் 75 சென்ரிமீற்றர் நாரில் 400 முதல் 1600 நனோமீற்றர் வரை பரந்த தொடர் நிறமாலையைப் பெற்றார்கள். வானவில்லின் எல்லா நிறமும், ஆனால் லேசரின் கூர்மையோடு. ஒளியின் மீடிறனை மிகத் துல்லியமாக அளக்கும் முறை வேகமாக வளர இது பெரிதும் உதவியது. அந்த அளவீட்டுப் பணிக்காக ஜோன் ஹோலும் தியோடோர் ஹென்ஷும் 2005இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். கண் விழித்திரையை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் கருவிகளுக்கும் இத்தகைய அகன்ற ஒளி மூலம் பயன்படும்.

எங்கள் பகுதிக்கு இதால் என்ன பயன்?

அம்பாறையின் வயல்களை எடுங்கள். நீர் நிற்கும் வயலின் சேற்றில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்குகின்றன. மெதேன் 1650 நனோமீற்றரை ஒட்டிய ஒளியை உறிஞ்சும். வாயுவின் செறிவு குறைவு என்றால் ஒளி அதனூடாக நீண்ட தூரம் போனால்தான் உறிஞ்சல் தெரியும். வெற்று உள்ளக நாருக்குள் வாயுவும் ஒளியும் மீற்றர் கணக்கில் ஒன்றாகவே இருக்கலாம். உள்ளகம் 10 மைக்ரோமீற்றர், நீளம் 10 மீற்றர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தக் கனவளவு ஒரு மைக்ரோ லீற்றருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய மாதிரி போதும். இத்தனை ஒடுங்கிய துளைக்குள் வாயு தானாகப் போய் நிரம்ப நேரம் எடுக்கும் என்பது இதன் பலவீனம். அதற்காகப் பக்கவாட்டில் சிறு வாசல்கள் வெட்டுகிறார்கள்.

மட்டக்களப்பு வாவியில் கடல் நீரும் மழை நீரும் கலக்கும் அளவு பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. உப்பு கூடினால் நீரின் முறிவுச் சுட்டியும் கூடும். நீர் படக்கூடிய துளை நார் அந்த மாற்றத்தை அலைநீள நகர்வாகக் காட்டும். வெப்பநிலையும் சுட்டியை மாற்றுவதால் இரண்டையும் சேர்த்து அளந்துதான் பிரித்தெடுக்க வேண்டும்.

வாவியின் அடியிலிருந்து ஒலி எழுப்புவதாகச் சொல்லப்படும் பாடும் மீனைப் பற்றி மாணவர்கள் கேட்காமல் விடுவதில்லை. நார் மூலம் நீருக்கடி ஒலியைக் கேட்கலாம். ஒலியின் அழுத்தம் நாரின் நீளத்தையும் சுட்டியையும் மிகச் சிறிதளவு மாற்றும், உள்ளே போகும் ஒளியின் அவத்தை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) மாறும், அதை இன்னொரு நாரின் ஒளியோடு தலையிடச் செய்து படிக்கலாம். துளைகளை ஏற்றவாறு அமைத்தால் அழுத்தத்துக்கு அதிகமாகவும் வெப்பத்துக்குக் குறைவாகவும் பதில் தரும் நாரைச் செய்ய முடியும். நீருக்குள் மின்சாரம் கொண்டுபோக வேண்டியதில்லை. உப்புநீரில் துருப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை பௌர்ணமி இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் காது வைத்துக் கேட்கும் ஊரில், அந்த ஒலியை இப்படிப் பதிந்து அதன் மீடிறன்களைப் பிரித்துப் பார்க்க ஒரு மாணவர் குழு முன்வர வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பௌதிகவியலும் விலங்கியலும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

வெற்று நார் வந்தால் இன்டர்நெட் வேகம் கூடுமா?

பதிவிறக்க வேகம் என்று நீங்கள் சொல்வது வேறு, தாமதம் வேறு. கண்ணாடியில் ஒளி ஒரு கிலோமீற்றர் போக ஏறத்தாழ 5 மைக்ரோ செக்கன் எடுக்கிறது. காற்றில் 3.3. ஆகவே 300 கிலோமீற்றர் நார்ப் பாதையில் ஒரு வழிக்கு 1.5 மில்லி செக்கன் 1 ஆகக் குறையும். கொழும்போடு காணொளியில் பேசும் ஒருவருக்கு இது தெரியவே தெரியாது. பங்குச் சந்தைகளுக்கும், ஒன்றோடொன்று ஓயாமல் பேசும் தரவு மையங்களுக்கும்தான் இது பெரிய விடயம். சவுத்தாம்ரன் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த லுமெனிசிற்றி என்ற வெற்று நார் நிறுவனத்தை மைக்ரோசொப்ற் 2022 டிசம்பரில் வாங்கியதற்கும் இதுவே பின்னணி.

ஒளி இழப்பில்தான் இன்னும் பெரிய செய்தி இருக்கிறது. இன்றைய நல்ல கண்ணாடி நாரில் கிலோமீற்றருக்கு 0.2 டெசிபல் அளவு இழப்பு. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு 40 கிலோமீற்றர் என்று வைத்தால் போய்ச் சேருவது அனுப்பியதில் 16 வீதம். 2025இல் வெளியான வெற்று நாரில் இழப்பு 0.091 டெசிபல். அதே தூரத்துக்கு 43 வீதம் போய்ச் சேரும். கண்ணாடி தன்னியல்பாலேயே ஒளியைச் சிதறடிக்கிறது, அதற்குக் கீழே கண்ணாடியால் இறங்க முடியாது. வெற்று நாரில் ஒளியின் மிகச் சிறு பங்குதான் கண்ணாடியைத் தொடுகிறது.

இதை எங்கள் ஸ்ப்ளைசர் மெசினால் ஒட்டலாமா?

லைன் வேலை செய்கிற தம்பிமாரின் கேள்வி இது. ஒட்டலாம், ஆனால் வழமையான செற்றிங்கில் இல்லை. மின்வில்லின் வெப்பத்தில் கண்ணாடி இளகியதும் துளைகள் சுருங்கி மூடிவிடும், மூடிய இடத்தில் ஒளியைப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது. அதனால் மின்னோட்டத்தையும் நேரத்தையும் குறைத்து, வில்லின் நடுவைத் திண்ம நாரின் பக்கமாகச் சற்று நகர்த்தி ஒட்டுகிறார்கள். உள்ளக அளவுகள் பொருந்தாவிட்டால் எப்படி ஒட்டினாலும் இழப்பு வரும். வெற்று நாரோடு சேரும் இடத்தில் கண்ணாடியும் காற்றும் சந்திப்பதால் 3 வீதத்துக்குச் சற்று மேல் ஒளி திரும்பும், அதற்குத் தனிப் பூச்சோ சாய்வு வெட்டோ வேண்டும்.

பழக்கதோஷத்தில் செய்துவிடக்கூடிய இரண்டு காரியங்களைத் தவிர்க்க வேண்டும். வெட்டிய முனையை ஸ்பிரிற் நனைத்த துணியால் துடைக்க வேண்டாம், மயிர்த்துளைமையால் திரவம் துளைகளுக்குள் ஏறிவிடும். ஜெல் உள்ள மெக்கானிக்கல் இணைப்பியும் அதே காரணத்தால் ஆகாது. எங்கள் கரையோர ஈரக்காற்றில் முனையைத் திறந்தபடி வைத்தால் நீராவியும் உள்ளே போகும். வேலை முடியும் வரை முனையை மூடி வையுங்கள்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் எதையாவது செய்து பார்க்கலாமா?

துளை நார் கிடைக்காவிட்டாலும் அடிப்படையைக் காட்டலாம். பிளாஸ்ரிக் போத்தலின் பக்கத்தில் சிறு துளையிட்டு நீர் வழியவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து லேசர் சுட்டியை அந்தத் துளைக்கு நேரே அடியுங்கள். ஒளி நீர்த்தாரையோடு வளைந்து விழும். ஜெனீவாவில் கொலடன் 1840களின் தொடக்கத்தில் காட்டிய சோதனைதான் இது. பிறகு தலையீட்டுக்கு ஒரு சீடியின் பளபளக்கும் பக்கத்தில் அதே லேசரைப் பட்டுத் தெறிக்கவிட்டுச் சுவரில் விழும் புள்ளிகளை அளந்து, அதிலிருந்து தடங்களின் இடைவெளியைக் கணியுங்கள். 1.6 மைக்ரோமீற்றர் வர வேண்டும். ஒளிப்படிக நாரின் துளை இடைவெளிகளும் இதை அண்டியவைதான்.

லேசரைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக்கூடாது, தெறிக்கும் கதிரையும் பார்க்கக்கூடாது. வீட்டு பைபரின் முனையையும் உற்றுப் பார்க்காதீர்கள், அதில் வரும் 1490 நனோமீற்றர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. நார்த் துண்டு கிடைத்தால் வெறுங்கையால் ஒடிக்காமல், உடைந்த நுனிகளை ரேப்பில் ஒட்டி மூடியுள்ள போத்தலில் போடுங்கள்.